அண்ணி போட்ட கணக்கு

முதலாளியின் கார் வந்து ஒரு வருடம் ஆன பிறகுதான் ஒருநாள் அதன் டிக்கியைத் திறந்து பார்த்தேன். சார்ஜ் போடும் கேபிள் ஒரு கறுப்புப் பையில் இருந்தது. பைக்கு மேல் பிளாஸ்டிக் உறை, உறையில் ஒட்டிய ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை. ஒரு கோடிக்கு மேல் கொடுத்து வாங்கிய பிளக்-இன் ஹைப்ரிட், அதாவது கரண்டிலும் பெட்ரோலிலும் ஓடும் கார். அந்த ஒரு வருடத்தில் 19,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஒரு நாள்கூட பிளக்கில் மாட்டியதில்லை.

நான் மண்ணடியில், துறைமுகச் சரக்குகளை விடுவிக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கும் டாக்குமெண்ட் வேலையும் பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாளாவது மாதவரம், மணலி கன்டெய்னர் யார்டு, காட்டுப்பள்ளி துறைமுகம் என்று சுற்ற வேண்டும். வீடு திருவொற்றியூரில். 2023 மார்ச்சில் நான் ஒரு மின்சாரக் கார் வாங்கினேன். 2024 ஜனவரியில் முதலாளிக்கு அந்த ஹைப்ரிட் வந்தது. இரண்டு காரின் பில்லும் என் மேஜைக்குத்தான் வருகின்றன. ஒன்று என் பாக்கெட்டிலிருந்து போவது, இன்னொன்று கம்பெனிக் கணக்கில் நான் எழுதுவது. எனக்கு ஆபீஸில் மாதாமாதம் ஒரே தொகைதான் பயணப்படி. பத்து ரூபாய் மிச்சம் பிடித்தாலும் அது என்னுடையது என்பதால் கிலோமீட்டர் கணக்கை நோட்டில் எழுதும் பழக்கம் வந்துவிட்டது. கம்பெனிப் பெயர்கள் வேண்டாம். இரண்டுமே நல்ல வண்டிகள்தான்.

பதினாறரை லட்சத்துக் காரையும் கோடி ரூபாய்க் காரையும் பக்கத்தில் நிறுத்தி எது லாபம் என்று கேட்டால் சிரிப்பார்கள். நம் ஊரில் சாதாரண விலைக்கு பிளக்-இன் ஹைப்ரிட் கிடைப்பதில்லை, இருப்பதெல்லாம் பெரிய இடத்து வண்டிகள். அதனால் நான் ஒப்பிடுவது விலையை அல்ல. ஒரு கிலோமீட்டர் ஓட என்ன ஆகிறது, அதை யார் கட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

ஹைப்ரிட் என்ற சொல்லிலேயே ஆளாளுக்கு ஒரு குழப்பம். என் மச்சான் ஒரு ஷோரூமுக்குப் போய்விட்டு வந்து, "மாமா, ஹைப்ரிட்டுன்னா சார்ஜே போட வேணாமாம், தானா ஏறிக்குமாம்" என்றான். அவன் பார்த்தது ஸ்ட்ராங் ஹைப்ரிட். பிரேக் பிடிக்கும்போதும் இன்ஜின் ஓடும்போதும் ஒரு சின்ன பேட்டரி ஏறும், அவ்வளவுதான். ஓடுவது முழுக்கப் பெட்ரோல் காசில். மைல்ட் ஹைப்ரிட் என்பது அதற்கும் கீழே, இன்ஜினுக்கு ஒரு கைத்தாங்கல். பிளக்-இன் மட்டும்தான் சுவரில் மாட்டி ஏற்ற வேண்டிய பெரிய பேட்டரியும், முழு பெட்ரோல் இன்ஜினும், இரண்டையும் சுமக்கிற வண்டி. மாட்டாவிட்டாலும் அது ஓடும் என்பதுதான் அதன் வசதி. அதன் வில்லங்கமும் அதுவேதான்.

வாங்கும் நேரத்துக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். என் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். தமிழ்நாட்டில் பேட்டரி வாகனங்களுக்குச் சாலை வரி விலக்கு இருந்ததால் அது பூஜ்யம். கடன் சாங்ஷன் ஆனது 2023 பிப்ரவரி என்பதால், வருமான வரியில் 80இஇபி பிரிவில் வட்டிக்குக் கழிவு கிடைத்தது. 2019 ஏப்ரலிலிருந்து 2023 மார்ச் 31 வரை சாங்ஷன் ஆன கடனுக்குத்தான் அது. வருடத்துக்கு 1.5 லட்சம் உச்சவரம்பு, அதுவும் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். ஏப்ரலுக்குத் தள்ளிப்போட்ட என் நண்பன் ஒருவனுக்கு அது இல்லை. முதலாளிக்கு இந்தச் சலுகைகளில் ஒன்றுகூட இல்லை. பெரிய ஹைப்ரிட்களுக்கு அப்போது 28 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி 15 சதவீதம். 2025 செப்டம்பர் 22லிருந்து அது மொத்தம் 40 ஆகியிருக்கிறது. மின்சாரக் காருக்கு அதே 5. சாலை வரிதான் அவருக்கு இன்றும் ஆறாத வயிற்றெரிச்சல். அவர் புக் செய்தது 2023 செப்டம்பரில். அப்போது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 15 சதவீதம். நவம்பரில் வரியை ஏற்றினார்கள், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். வண்டி வந்தது ஜனவரியில். அந்த ஐந்து சதவீதத்தில் என் கார் கால்வாசி வாங்கியிருக்கலாம். "பாதி பேட்டரிதானேப்பா, பாதி வரியாவது தள்ளுபடி பண்ணக் கூடாதா?" என்று ஆர்டிஓ ரசீதை என் மேஜையில் போட்டுவிட்டுப் போனார்.

இனி அண்ணி கதை.

எங்கள் வீடு அப்பா கட்டியது. கீழே நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு ஏசி. மாடியில் அண்ணனும் அண்ணியும் மட்டும், ஏசி கிடையாது. இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர். கார் வாங்கும்போது ஷோரூம் பையன், "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாகூட ஆகாது சார்" என்றான். முதல் ஈபி பில் வந்தது. எப்போதும் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் வரை ஓடும் வீடு, 720ஐத் தொட்டிருந்தது. இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர், அதற்கு 300 யூனிட். சார்ஜரில் போகும் சேதாரத்தையும் சேர்த்து, சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஆறரை, ஆறே முக்கால் கிலோமீட்டர் கிடைக்கிறது. இது பரவாயில்லை. ஆனால் பில் ஏறியது 2,700 ரூபாய்க்கு.

கணக்குப் பிள்ளையான நான் உட்கார்ந்து மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, "யூனிட்டுக்கு அஞ்சரை ரூபாகூட வரலையே" என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு ஒரு யோசனை. மாடி மீட்டரில் 260 யூனிட்தான் ஓடுகிறது, 500 வரை இடம் இருக்கிறதே? அண்ணனிடம் கேட்டேன். அவன் சரி என்றான். மாடிப் படிக்கட்டு ஓரமாக ஒரு லைன் இழுத்து இரண்டு மாதம் அங்கிருந்து 240 யூனிட் எடுத்தேன். பில் வந்ததும் என் பாணியில் கணக்குப் போட்டேன்: மொத்தம் 500 யூனிட், 1,800 ரூபாய், யூனிட்டுக்கு மூன்றரை சொச்சம், எனவே என் பங்கு 870. பணத்தோடு படியேறினேன்.

அண்ணி பணத்தை வாங்கவில்லை. கையில் காய்கறி நறுக்கும் கத்தி. "தம்பி, நீங்க ஒயர் போடறதுக்கு முந்தி எங்க பில்லு எவ்ளோ?"

"ஐந்நூத்திச் சொச்சம் அண்ணி."

"இப்ப?"

"ஆயிரத்து எண்ணூறு."

"நடுவுல இருக்கற ஆயிரத்து முந்நூறு யாருது? நானா ராத்திரி எழுந்து கார் ஓட்டினேன்?"

இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பதில் இல்லை. வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 மலிவு. அந்த மலிவெல்லாம் விளக்கும் விசிறியும் ஃபிரிட்ஜும் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டவை. கார் வந்து உட்கார்வது எல்லாருக்கும் மேலே, கடைசியாக. அதனால் காருக்கு விழும் விலை மேல் ஸ்லாபின், அதாவது மேல் படியின் விலை. தமிழ்நாட்டு வீட்டு மின் கட்டணத்தில் 501வது யூனிட்டிலிருந்து எட்டு ரூபாய்க்கு மேல், 601லிருந்து ஒன்பதுக்கு மேல், 801லிருந்து பத்துக்கு மேல், 1,000 தாண்டினால் பதினொன்றுக்கு மேல். அத்தோடு 500ஐத் தாண்டிய மறு யூனிட்டிலேயே, 101லிருந்து 200 வரைக்குள் கிடைத்த மலிவு விலையும் பறிபோகும். 499க்கும் 501க்கும் நடுவில் உள்ள அந்தப் பள்ளத்தில் மட்டும் இருநூறு சொச்சம் ரூபாய் விழுகிறது.

இப்படிப் பார்த்தால் என் முதல் பில்லில் காருக்கு ஆனது யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய், கிலோமீட்டருக்கு ரூ.1.35. இரண்டு மீட்டரையும் 500க்குள் நிறுத்தி, கீழே 80, மேலே 220 என்று பிரித்தால் அதே 300 யூனிட் 1,700 ரூபாய்க்குள் முடிகிறது, கிலோமீட்டருக்கு 85 பைசா. ஷோரூம் பையன் பொய் சொல்லவில்லை, அவன் அண்ணி வீட்டு மீட்டரை நினைத்துச் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து அண்ணிக்கு முன் பில்லையும் பின் பில்லையும் கழித்து வருகிற தொகையை முழுசாகக் கொடுக்கிறேன், மேலே நூறு ரூபாய் சேர்த்து. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சாக்பீஸால் அண்ணி ஆரம்ப ரீடிங்கை எழுதி வைத்திருக்கிறார். ஈபிக்காரர் வந்து கணக்கெடுத்துப் போனதும் அழித்துப் புதிதாக எழுதுவார்.

எப்படிப் பார்த்தாலும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் இது தூசு. சென்னையில் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி நிற்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் ஊர்ந்து போனால் என் பழைய பெட்ரோல் கார் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர்தான் கொடுக்கும், கிலோமீட்டருக்கு ஆறே முக்கால் ரூபாய். வெளியூர் போகும்போது மட்டும் கணக்கு மாறும். வேலூர், புதுச்சேரி சாலைகளில் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டால், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து யூனிட்டுக்கு இருபதைத் தாண்டிக் கட்டியிருக்கிறேன். அப்போது கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்கு மேல். மாதம் ஒரு தடவை என்றால் பரவாயில்லை. தினமும் வெளியில்தான் சார்ஜ் போட வேண்டும் என்றால் இந்தக் காரை நான் வாங்கியிருக்க மாட்டேன். (திருவொற்றியூர் தேரடியிலிருந்து மண்ணடிக்கு மெட்ரோவில் போனால் இது எல்லாவற்றையும்விட நிம்மதி. யார்டுக்குப் போகாத நாளில் அப்படித்தான் போகிறேன்.)

ஷோரூமில் யாரும் சொல்லாத இன்னொரு செலவு எர்த், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு. கார் வந்த அன்று சார்ஜரை மாட்டினால் பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பு. எலெக்ட்ரீஷியன் ஒரு விளக்கை வைத்துச் சோதித்துவிட்டு, "சார், இந்தத் தெருவுல பாதி வீட்டுக்கு எர்த் ஒயர் இருக்கும், எர்த் இருக்காது" என்றார். அப்பா காலத்தில் புதைத்த குழாயைத் தோண்டினால், கைப்பிடி அளவு துரு. கடலிலிருந்து கூப்பிடு தூரம், நிலத்தடி நீரெல்லாம் உப்பு, இரும்புக் குழாய் எத்தனை நாள் தாங்கும்? குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, செம்பில் புதிதாக எர்த், மீட்டரிலிருந்து தனியாகத் தடித்த ஒயர், கோளாறு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் எம்சிபி, ஆர்சிசிபி, நல்ல 15 ஆம்ப் பிளக் பாயின்ட், எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். ஏசிக்குப் போட்ட பழைய பாயின்ட்டிலேயே மாட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஆறு ஏழு மணி நேரம் விடாமல் 3 கிலோவாட் இழுக்கும். பக்கத்துத் தெருவில் ஒருவர் ஸ்கூட்டருக்கே அப்படிச் செய்து பிளக் உருகிப்போய், நல்லவேளை பகல் நேரம்.

அந்த பிளக் பாயின்ட்டை முழங்கால் உயரத்தில் வைத்தேன். குனியாமல் மாட்டலாம் என்று. 2023 டிசம்பர் 3ஆம் தேதி இரவு மிக்ஜாம் புயல். மழை நிற்கவே இல்லை. நள்ளிரவில் வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் வந்தபோது முதலில் மெயினை அணைத்தேன், பிறகு காரைத் தெருமுனை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். காலையில் பார்த்தால் பிளக் பாயின்ட் தண்ணீருக்குள். மூன்று நாள் கரண்ட் இல்லை. காரில் 38 சதவீதம் இருந்தது. தெருவில் பாதிப் பேர் அதன் யூஎஸ்பியில் போன் சார்ஜ் போட்டுக்கொண்டார்கள், அந்த வகையில் அதற்கு ஒரு மரியாதை கிடைத்தது. எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் வந்து வீட்டுச் சுவரிலெல்லாம் கறுப்புக் கோடு போட்டிருந்தது. எங்களுக்கு அந்தக் கொடுமை இல்லை. தண்ணீர் வடிந்ததும் பாயின்ட்டை என் தோள் உயரத்துக்கு மாற்றினேன். வடசென்னையில் யார் சார்ஜிங் பாயின்ட் போட்டாலும், வீட்டுப் பெரியவர்களிடம் தண்ணீர் அதிகபட்சம் எதுவரை வந்தது என்று கேட்டு, அதற்கு ஒரு முழம் மேலே போடுங்கள்.

இன்ஷூரன்ஸில் மின்சாரக் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் 15 சதவீதம் தள்ளுபடி, ஹைப்ரிடுக்கு ஏழரை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வண்டியின் விலையே அதிகம் என்பதால் சொந்த சேதத்துக்கான பிரீமியம் அதைச் சாப்பிட்டுவிடும். புயலுக்குப் பிறகு நான் பேட்டரிக்குள் தண்ணீர் போனாலும் ஈடு கொடுக்கும் கூடுதல் கவர் எடுத்துவிட்டேன். அதை வேண்டாம் என்று விட்டு மிச்சம் பிடிக்க எனக்குத் தைரியமில்லை.

ஒரே ஒரு தடவை கார் என்னைக் கைவிட்டது. அது காசிமேட்டில், ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்கு. ஒரு முழு வஞ்சிரமும் இரண்டு கிலோ சங்கராவும் ஐஸ் பெட்டியோடு டிக்கியில். ரிமோட்டை அமுக்குகிறேன், மூச்சே இல்லை. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. ராத்திரி பார்த்தபோது 74 சதவீதம் சார்ஜ் இருந்தது. சர்வீஸ் நம்பருக்குப் போன் செய்தால் காலை ஒன்பதுக்கு மேல் டோ வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். ஐஸ் உருகி டிக்கியிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. மீன் ஏற்ற வந்த குட்டியானை டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "சார், இதுல சின்ன பேட்டரி எங்க இருக்குது?" என்றார். பானெட்டைத் திறந்தால், எல்லாப் பெட்ரோல் காரிலும் இருக்கிற அதே 12 வோல்ட் பேட்டரி. அவர் வண்டியிலிருந்து ஜம்பர் ஒயரை எடுத்து இரண்டு முனையையும் கொடுத்தார், டேஷ்போர்டு பளிச்சென்று எழுந்தது. கீழே இருக்கும் பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே என்ற சுவிட்சுக்கு இந்தச் சின்ன பேட்டரிதான் உத்தரவு கொடுக்க வேண்டுமாம். அது செத்தால் பெரியது நிறைந்திருந்தும் பயனில்லை. "அவ்ளோ பெரிய யானைக்கு இந்தக் குட்டிப் பையன்தான் பாகனா?" என்று சிரித்துவிட்டு, கொடுத்த பணத்தை வாங்காமல் நாலு சங்கரா மட்டும் எடுத்துக்கொண்டார். புது பேட்டரி 7,000 சொச்சம். இப்போது டிக்கியில் ஜம்பர் ஒயர் இருக்கிறது. பிளக்-இன் ஹைப்ரிடிலும் இதே 12 வோல்ட் உண்டு என்பதை முதலாளியின் டிரைவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

டிக்கியில் உறை பிரிக்காத அந்தக் கேபிளுக்கு வருகிறேன். வருடக் கணக்கு முடிக்கும்போது பெட்ரோல் தலைப்பில் ஒரு காருக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் வந்தது. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர். இரண்டரை டன் வண்டி, பேட்டரியை வெறும் மூட்டையாகச் சுமந்துகொண்டு ஓடினால் வேறென்ன கொடுக்கும்? டிரைவரைக் கேட்டேன்.

"அண்ணே, டெலிவரி அன்னிக்கு ஷோரூம்ல ஏதோ சொல்லிக் குடுத்தாங்க. சாரு போன்ல இருந்தாரு, நான் பூஜைக்கு எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருந்தேன். பெட்ரோல் போட்டா ஓடுது. அப்புறம் எதுக்கு ஒயரு?"

அவர் மேல் என்ன தப்பு? பங்க்கில் கம்பெனி கார்டைத் தேய்த்தால் முடிந்தது. இரவு ஒன்பதுக்கு ராயபுரத்தில் முதலாளி வீட்டில் வண்டியை விட்டுவிட்டுச் செங்குன்றம் பஸ் பிடிக்க ஓடுகிற ஆளுக்கு, கேபிளைப் பிரித்து மாட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை, மாட்டினால் ஒரு பைசா கிடைக்கப் போவதும் இல்லை. இது எங்கள் ஆபீஸ் கதை மட்டுமல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. 2021இல் பதிவான கார்களின் உள்ளே இருக்கும் எரிபொருள் மீட்டர்களைச் சேகரித்து ஐரோப்பிய ஆணையம் 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் ஹைப்ரிட்கள் சாலையில் கக்கும் கரியமில வாயு, சோதனைக்கூடத்தில் காட்டியதைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு. அதற்கு முன் 2022இல் ஐசிசிடி என்ற போக்குவரத்து ஆய்வு அமைப்பும் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வில், சொந்தக்காரர் ஓட்டும் வண்டிகள் ஏறக்குறைய பாதித் தூரம் கரண்டில் ஓடுகின்றன, கம்பெனி வண்டிகள் 11லிருந்து 15 சதவீதம்தான். பெட்ரோலுக்குக் கம்பெனி காசு, கரண்டுக்கு வீட்டுக் காசு என்றால் ஜெர்மனியிலும் அதே கதைதான்.

முதலாளிக்கு ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ராயபுரத்திலிருந்து காட்டுப்பள்ளி போய்வர ஒரு நாளைக்கு 55 கிலோமீட்டர். அவர் வண்டி கரண்டில் 60 வரை ஓடும். அதாவது வேலை நாளில் ஒரு சொட்டுப் பெட்ரோல் வேண்டாம். யூனிட்டுக்கு மூன்று கிலோமீட்டர் என்று வைத்தால், அவர் வீட்டில் மூன்று ஏசி ஓடுவதால் கடைசி ஸ்லாப் பதினொன்றரை ரூபாய் என்று வைத்தாலும், கிலோமீட்டருக்கு நாலு ரூபாய்க்குள். பெட்ரோலில் பதினொன்று. அவர் பார்த்தார், "சரி, போடச் சொல்லு" என்றார். போர்ட்டிகோவில் பாயின்ட் போட்டோம். வாட்ச்மேனுக்கு மாட்டும் வேலை, டிரைவருக்குக் காலையில் கழற்றும் வேலை, எலெக்ட்ரிக் மோடு பட்டனை அமுக்க வேண்டும் என்பதும் அவருக்குத்தான். ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் இன்ஜின் எழுந்துகொள்ளும், மணலி சாலையில் லாரியை முந்தும் ஆசையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து முதலாளி வீட்டம்மா ஆபீஸுக்கே போன் செய்தார். "கரண்ட் பில்லு பத்தாயிரத்து அறுநூறு ஏறியிருக்கு. மீட்டர்ல கோளாறா பாருங்க. இல்லேன்னா அந்த ஒயரைக் கழட்டுங்க." அதே இரண்டு மாதத்தில் கம்பெனிப் புத்தகத்தில் பெட்ரோல் முப்பதாயிரம் குறைந்திருந்தது. மொத்தத்தில் இருபதாயிரம் லாபம். ஆனால் லாபம் ஒரு பையில், நஷ்டம் இன்னொரு பையில். அண்ணி முகம் நினைவுக்கு வந்தது. அந்த பாயின்ட்டுக்கு மட்டும் ஒரு சப் மீட்டர் போட்டேன், 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது மாதக் கடைசியில் வாட்ச்மேன் அதைப் போட்டோ எடுத்து அனுப்புவார். கடைசி ஸ்லாபின் விலையில் நான் வவுச்சர் போட்டு வீட்டுக்குப் பணம் கொடுக்கிறேன். டிரைவருக்கும் வாட்ச்மேனுக்கும் மாதம் ஐந்நூறு படி. அதற்கப்புறம் ஒரு நாளும் கேபிள் மறந்ததில்லை.

ஆனால் இரண்டு இதயம் உள்ள வண்டிக்கு இரண்டு வைத்தியம். இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், ஃபில்டர் மாற்ற வேண்டும். டேங்கில் பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்து பழசாகாமல் இருக்க வண்டியே அவ்வப்போது இன்ஜினைக் கிளப்பிக்கொள்ளும். என் காரின் இத்தனை வருட சர்வீஸ் பில்லையெல்லாம் கூட்டினாலும் அதன் ஒரு சர்வீஸில் பாதி வராது. அது ஆடம்பர வண்டி என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். டயர் விஷயத்தில் என் வண்டியும் யோக்கியம் இல்லை. எடை அதிகம், மிதித்தவுடன் இழுக்கும். அதோடு எண்ணூர்ச் சாலையில் லாரிகள் உதிர்த்துவிட்டுப் போகும் ஆணியும் போல்ட்டும். 29,000 கிலோமீட்டரிலேயே நான்கும் போனது.

இவ்வளவு பைசாக் கணக்குப் போட்டபிறகு, போன மாதம் ஆர்வக் கோளாறில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் என் காரைக் காட்டினேன். சுற்றிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், "எட்டு லட்சம்" என்றார். நான் போட்டது பதினாறரை. 33,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. விலை இறங்கியதை மட்டும் தூரத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல். பன்னிரண்டரை லட்சத்துக்கு இதே மாதிரிப் பெட்ரோல் கார் வாங்கியிருந்தாலும் எட்டுதான் கொடுத்திருப்பேன் என்றார் அவர். பெட்ரோலில் இதுவரை நான் மிச்சம் பிடித்தது ஒன்றே முக்கால் லட்சம். கூடுதலாகக் கொடுத்தது நாலு லட்சம். இன்றைக்கு விற்றால் எனக்கு நஷ்டம், சந்தேகமே இல்லை. பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருக்கிறது. அதுவரை ஓட்டினால் கணக்கு என் பக்கம் திரும்பும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கார் மாற்றும் ஆளுக்கும், மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் ஆளுக்கும் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மச்சான் கொளத்தூரில் ஃபிளாட்டில் இருக்கிறான். கார் நிறுத்த இடம் உண்டு, பிளக் பாயின்ட் கிடையாது. அசோசியேஷனில் கேட்டால், "எல்லாரும் கேட்டா என்ன பண்றது" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் தள்ளிப்போடுகிறார்கள். அவனுக்கு நான் சொன்னது: முதலில் உன் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை ஒயர் வரட்டும், பிறகு ஷோரூமுக்குப் போ. அதுவரை பழைய வண்டியையே ஓட்டு. அவசரமாக வாங்கியே தீர வேண்டுமென்றால் அந்த ஸ்ட்ராங் ஹைப்ரிடை வாங்கு, குறைந்தபட்சம் மாட்டாத கேபிளுக்குக் காசு கொடுக்க மாட்டாய். அவனுடைய போன தடவை கரண்ட் பில்லை அனுப்பச் சொன்னேன். 640 யூனிட். இனி அவன் வீட்டில் கார் குடிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் ஒன்பது ரூபாய்க்கு மேல்தான். அவனுக்கு அண்ணியும் இல்லை, மாடியும் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து குரல். "தம்பி, மேல 480 ஆயிடுச்சு. இன்னும் ஆறு நாளு இருக்கு ரீடிங் எடுக்க. ஒயரைக் கீழ மாத்திக்கோங்க."

மாற்றிவிட்டு வருகிறேன்.